தளம் அடித்தவர்களின் வீடு

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் கிளைவ் மாளிகையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் ஆணின் பெயரில் தொடங்கி அதே பெயரில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வீட்டை ராபர்ட் கிளைவ் கட்டவில்லை. அது ஷாமியர் சுல்தான் என்ற ஆர்மீனிய வணிகரின் வீடு. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த மதராஸ் 1749இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதன் பிறகு இந்த வீடும் கம்பெனி வசமானது. 1753 பிப்ரவரியில், அதே கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கிலின் என்ற இளம்பெண்ணைக் கிளைவ் மணந்தார். சில வாரங்களில் இருவரும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார்கள். அதன் பிறகு அந்த வீடு அட்மிரால்டி ஹவுஸ் என்று கடற்படையின் பெயரைத் தாங்கியது. ஆளுநர்களின் விருந்துக்கூடமாகவும் இருந்தது. இன்று அங்கே இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகம் இயங்குகிறது. இத்தனை பேர் கைமாறியும், சில வாரம் குடித்தனம் நடத்தியவரின் பெயர்தான் நிலைத்திருக்கிறது.

இதனோடு இன்னொரு வீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1753இல் ஆளுநருக்காகக் கம்பெனி ஒரு தோட்ட வீட்டை வாங்கியது. விற்றவர் அந்தோனியா டி மதெரோஸ் என்ற போர்த்துகீசிய வழிப் பெண்மணி. அந்த வீடு அரசினர் மாளிகை ஆனது. அது இருந்த இடத்தை இன்று ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என்கிறோம். புதிய சட்டமன்ற வளாகம் கட்டியபோது அந்த மாளிகை இடிக்கப்பட்டது. வாடகைக்கு இருந்த ஆணின் பெயர் வீட்டுக்கு ஒட்டிக்கொண்டது; சொந்தக்காரப் பெண்ணின் பெயர் பத்திரத்தோடு போய்விட்டது. கட்டடக்கலை வரலாறு நடுநிலையானது என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு வீடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அதிகாரி வீட்டின் அமைப்பையும் இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அக்கால மதராஸின் பெரிய வீடுகளில் கீழ்த்தளம் கிடங்குக்கும் கணக்கு வேலைக்கும், மேல்தளம் குடியிருக்க. உயரமான தூண்களும் அகன்ற தாழ்வாரமும் கடற்காற்றை உள்ளே கொண்டுவரும். சமையற்கட்டு வீட்டோடு சேராமல் தள்ளி நிற்கும். புகையும் வியர்வையும் விருந்தினர் மூக்கில் படக்கூடாது அல்லவா? காற்றோட்டம் என்று நாம் புகழ்வதில் ஒரு பாதி, வேலை செய்கிறவர்களைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வைக்கும் ஏற்பாடு.

தமிழில் அகம் என்றால் வீடு, மனம், காதல் வாழ்க்கை எல்லாமும்தான். அதிகாரியின் வீட்டிலோ அகமே புறமாக இருந்தது. கூடம் என்பது படை ஆலோசனைக்கும் விருந்துக்கும் பதவியைக் காட்டிக்கொள்வதற்குமான இடம். பிள்ளை வளர்ப்பு, சமையல், படுக்கை விரிப்பது, நோயில் பக்கத்தில் இருப்பது போன்ற அக வேலைகள் கூலிக்கு வந்தவர்கள் தலையில் விழுந்தன. ஆயா என்ற சொல்லே போர்த்துகீசியத்திலிருந்து அந்த வழியாக நம்மிடம் வந்ததுதான். அம்பத்தூரில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இன்றும் அந்தச் சொல் கேட்கிறது. அந்த வேலையின் மதிப்பும் பெரிதாக மாறிவிடவில்லை.

மதராஸ் வீடுகளைப் பார்த்த ஐரோப்பியப் பயணிகள் சுவர்களின் பளபளப்பைப் பளிங்கோடு ஒப்பிட்டு வியந்தார்கள். அது பளிங்கல்ல. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, அரைத்து, முட்டையின் வெள்ளைக்கரு போன்றவற்றைச் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து வரவழைத்த மினுமினுப்பு. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரையும் அப்படித்தான். தேக்கு மரச்சட்டங்களின் மேல் சன்னமான செங்கற்களை நெட்டுக்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிக்க வேண்டும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பாட்டுக்கு ஏற்பக் கை ஓங்கித் தளம் அடிப்பது நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்த காட்சி. ஈரம் இறங்காமல் கூரையைக் காத்தது அந்த அடிதான். புத்தகங்களில் தூணுக்குப் பெயர் உண்டு, வளைவுக்குப் பெயர் உண்டு. அடித்தவளுக்கு மட்டும் இல்லை.

ஆவடியிலிருந்து மின்ரயிலில் மாணவிகளை ஒருமுறை கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தேன். கிளைவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கூரையைப் பற்றிக் கேட்டாள். நான் கடுக்காய்த் தண்ணீர் என்று ஆரம்பித்ததும், "மேடம், எங்க பாட்டி தளம் அடிச்சவங்க. கை காய்ச்சுப்போய் இருக்கும்" என்றாள். அவள் அம்மா இப்போது திருமுல்லைவாயில் பக்கம் அடுக்குமாடி வேலையில் சித்தாளாம். பாட்டியும் சித்தாள், அம்மாவும் சித்தாள். சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனால் கரணை பிடிக்கும் கொத்தனாராக ஒரு பெண் உயர்வது இன்றும் அபூர்வம். முனைவர் பட்டம் வாங்கிய நான் அந்த வீட்டின் முகப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் அதன் கூரையைப் படித்துவிட்டாள்.

மார்கரெட்டின் பெயரையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவளுக்கும் அந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்திருக்காது. ஆனால் கிளைவ் இந்தியாவில் சேர்த்த செல்வத்தில் அவளும்தான் வாழ்ந்தாள். பெண் பெயர் ஒன்றைச் சேர்ப்பது வேறு, பெண்களின் உழைப்பைக் கணக்கில் கொள்வது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால், துரையின் பெயருக்குப் பக்கத்தில் துரைசானியின் பெயரை எழுதியதோடு நம் வேலை முடிந்துவிடும்.

பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றத்தான் வேண்டும். சுண்ணாம்புப் பூச்சைப் பழைய முறையில் புதுப்பிக்க இன்று ஆள் தேடுகிறார்கள். அந்த வேலை தெரிந்தவர்களைக் கலைஞர்கள் என்று அழைத்து, கொத்தனாருக்கு நல்ல கூலியும் தருகிறார்கள். அங்கே சுண்ணாம்பு சுமக்கும் பெண்ணுக்கு என்ன கூலி, கரணையை அவள் கையில் எப்போது கொடுப்பார்கள் என்பதையும் கேட்பதுதான் கட்டடக்கலை விமர்சனம். அடுத்த முறை கோட்டைக்குப் போகும்போது தூண்களைப் பார்த்துவிட்டு, தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக் கூரையையும் பாருங்கள்.