நீலத்துக்கு ஒரு விலைச்சீட்டு

ஜெர்மனியில் வேலை பார்க்கும் பெரியம்மா மகன் ஒருநாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். உள்ளங்கை அளவுக்கு ஒரு சிலந்தி. கால்களில் மயில்கழுத்து நீலம், நடுநடுவே மஞ்சள் புள்ளிகள், முதுகில் யாரோ பொறுமையாகப் போட்ட மாக்கோலம் மாதிரி வெள்ளை. நான் ஏதோ கண்ணாடிப் பொம்மை என்றுதான் நினைத்தேன். உடனே போன் வந்தது.

"டேய், இவ நம்ம பக்கத்து ஊர்க்காரிடா. குத்தி ஸ்டேஷன் தெரியும்ல? பம்பாய் மெயில் போற லைன்."

"அண்ணே, கடிக்காதா?"

"நீ கடிக்காம இருந்தா சரி."

அந்த வாரம் நான் ஜான் ஃபௌல்ஸின் 'தி கலெக்டர்' நாவலை இரண்டாவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தேன். 1963இல் வந்தது. நகராட்சி அலுவலகக் குமாஸ்தா கிளெக், பட்டாம்பூச்சி சேகரிப்பவன். கால்பந்துப் பந்தயத்தில் பெரும்பணம் விழுகிறது. தனியாக ஒரு வீட்டை வாங்கி, மிராண்டா என்ற ஓவியக்கல்லூரி மாணவியைக் கடத்திக்கொண்டுபோய் நிலவறையில் அடைத்துவைக்கிறான். கல்லூரியில் முதல்முறை படித்தபோது தூக்கமே வரவில்லை. இந்த முறை நன்றாகத் தூங்கினேன். காரணம் அண்ணன் அனுப்பிய படம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கிளெக்கை வெறுப்பது ரொம்பச் சுலபம். அவன் கொன்று, ஊசி குத்தி, பெட்டியில் வைக்கிறவன். தன் சேகரிப்பை அவன் பெருமையாகக் காட்டும்போது, இவ்வளவு உயிருள்ள அழகையும் நீ சாகடித்திருக்கிறாய் என்ற பொருளில் மிராண்டா கோபப்படுகிறாள். வாசகரும் அவள் பக்கம் நின்றுகொள்கிறார், சௌகரியமாக. அழகைக் கொல்பவன் வில்லன், அழகை உருவாக்குபவள் பலி. நாவல் முழுக்க இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறது, கோடு எங்கும் கலைவதில்லை. என் புகாரும் இதுதான். உயிரோடு வளர்ப்பவனை, ஊட்டுபவனை, அது சட்டை உரிக்கும் நாளுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பவனை ஃபௌல்ஸ் யோசிக்கவே இல்லை. என் அண்ணன் ஒரு சிலந்திக்காகக் குளிர்காலத்தில் அறையின் சூட்டையும் ஈரத்தையும் அளந்துகொண்டிருக்கிறார். பெண் டரான்டுலா பத்து வருஷத்துக்கு மேல் வாழும், சில இனங்கள் இருபதையும் தாண்டும். அவ்வளவு காலப் பொறுப்பை எடுத்துக்கொண்ட ஒருவரை கிளெக் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அப்படியானால் அவரை என்னவென்று சொல்வது?

பதில் தேடி, டரான்டுலா விற்பவர்களின் விலைப்பட்டியல்களை வாசிக்க ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள், அதுவும் ஓர் இலக்கிய வடிவம்தான். ஒரு வரிக்குள் லத்தீன் பெயர், வணிகப் பெயர், ஊர், நிறம், கால் நீளம், விலை. அண்ணன் வாங்கியதற்கு லத்தீனில் 'பொயிசிலோதீரியா மெட்டாலிகா', வணிகத்தில் 'குத்தி சஃபையர்'. குத்தி நீலமணி. ஒரு ஊர் ரத்தினத்துக்கு அடைமொழியாகிவிட்டது, காஞ்சிபுரம் பட்டு மாதிரி, சேலம் மாம்பழம் மாதிரி.

ஆனால் அந்த நீலமணிக்குக் குத்தி சொந்த ஊரே அல்ல. 1899இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஆர். ஐ. போகாக் இந்த இனத்துக்குப் பெயர் வைத்தபோது, அவர் கையில் இருந்த மாதிரி குத்தியில் கிடைத்தது. குத்தி ஒரு ரயில் சந்திப்பு. எங்கோ வெட்டிய மரத்தோடு சேர்ந்து ரயிலேறி வந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய புரிதல். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2001இல்தான் அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கண்டார்கள். ஆக, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இத்தனை கண்ணாடிப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் ஊர்ப்பெயர், ஒரு விறகுச்சுமை இறங்கிய இடத்தின் பெயர். அதே 1899இல் போகாக் பெயர் வைத்த இன்னொரு சிலந்தி, 'பொயிசிலோதீரியா ரீகாலிஸ்', அரக்கோணத்தில் கிடைத்தது. அதுவும் அதே ரயில் பாதை. எத்தனை முறை அரக்கோணத்தில் இறங்கி டீ குடித்திருப்பேன். ஒருநாளும் தெரியாது.

இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான போதை தனி இனங்களில் இல்லை, வகைகளில் இருக்கிறது. ஒரே இனம், வேறு நிறம். கிழக்கு ஆப்பிரிக்காவின் 'டெரினோகைலஸ் முரைனஸ்' இதற்கு நல்ல உதாரணம். இயல்பு நிறம் என்று ஒன்று, இருண்ட நிறம் என்று ஒன்று, செக்கச்சிவந்த ஆரஞ்சு என்று ஒன்று. ஆரஞ்சுக்கு உசம்பாரா மலையின் பெயரையே ஒட்டிவிட்டார்கள். இலங்கையின் 'பொயிசிலோதீரியா சப்ஃபஸ்கா'வை மலைநாட்டு வகை, தாழ்நிலத்து வகை என்று பிரித்து விற்பார்கள். தென் அமெரிக்காவின் 'அவிகுலேரியா'வில் இருந்த குழப்பம் இன்னும் பெரிது. 2017இல் இரண்டு பிரேசில் ஆய்வாளர்கள் அந்தப் பேரினத்தை முழுக்கத் திருத்தி எழுதினார்கள். ஐம்பதை ஒட்டிய பெயர்கள் பன்னிரண்டு இனங்களாகச் சுருங்கின. 'மெட்டாலிகா' என்று தனி இனமாக விற்றுக்கொண்டிருந்தது, ஏற்கெனவே தெரிந்த இனத்தின் ஆறாவது உருவகை என்று ஆனது. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் சிலந்தி அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பெயர் மட்டும் கரைந்துவிட்டது.

இதில் நான் யாரையும் கிண்டல் செய்யும் இடத்தில் இல்லை. எட்டாவது படிக்கும்போது எனக்குத் தபால்தலைப் பைத்தியம். சாதாரணத் தலைகள் போரடித்துப்போய், பிழையோடு அச்சான தலைகளைத் தேடுகிற கட்டம். 1854இல் ராணியின் தலை தலைகீழாக அச்சான நாலணா இந்தியத் தலை ஒன்று உலகப் புகழ் என்று படித்ததிலிருந்து எல்லாத் தலையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வகுப்புத் தோழன் ஒருவன் வெளிர்ந்த பச்சையில் ஒரு தலை காட்டினான். வழக்கமாக அது அடர்பச்சை. "கலர் எரர்டா, ஊர்லயே ஒண்ணுதான்." பதினொரு தலை கொடுத்து வாங்கினேன். ரெண்டு மாசம் கழித்து அவனே சொன்னான், ஜன்னலோரம் வெயிலில் காயவைத்தானாம். அழுதேன். ஆனால் அந்த ரெண்டு மாசமும் நான் அனுபவித்த பெருமிதம் பொய்யில்லை. அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்.

டரான்டுலாவின் நிறமும் அப்படி ஏமாற்றக்கூடியதுதான். சட்டை உரிக்கும் காலம் நெருங்கினால் மங்கிப்போகும், உரித்த மறுவாரம் புதுத்துணி மாதிரி மின்னும். ஃப்ளாஷ் போட்டால் ஒரு நீலம், போடாவிட்டால் வேறு. மார்த்தினீக் தீவின் 'கரிபெனா வெர்சிகலர்' குஞ்சாக இருக்கும்போது முழு நீலம், வளர்ந்தபின் பச்சையும் செந்நிறமும். குஞ்சின் நீலத்துக்கு மயங்கி வாங்குபவர், ஒருநாள் விட்டுப்போகப்போகும் நிறத்துக்குத்தான் காசு கொடுக்கிறார். அதைவிட வேடிக்கை, இந்த நீலம் சாயமே இல்லை. மயிர்களுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் தோற்றம். டரான்டுலாக்களின் பரிணாமத்தில் நீலம் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2015இல் ஒரு ஆய்வு சொன்னது. அடுக்கின் வடிவம் இனத்துக்கு இனம் வேறு, வந்துசேரும் நீலம் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. இவற்றுக்கு நிறம் தெரியாது, எனவே அந்த அழகு துணையைக் கவர அல்ல என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். நிறம் காண உதவும் புரதங்களின் மரபணுக்கள் இவற்றில் இயங்குகின்றன என்று 2020இல் இன்னொரு ஆய்வு வந்து, அந்த நம்பிக்கையையும் அசைத்துவிட்டது. எப்படியிருந்தாலும் நமக்காக அல்ல. அது மட்டும் நிச்சயம்.

இனி எனக்கு உண்மையாகவே நெருடுகிற இடம். தமிழில் நமக்கு 'பாடபேதம்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரே பாட்டு, வேறு ஏட்டில் வேறு சொல். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடு சேர்த்தார், பதிப்புகளில் பிரதிபேதங்களைக் குறித்துவைத்தார். ஒரு பேதத்துக்கு மதிப்பு வருவது அது அழகாக இருப்பதால் மட்டும் இல்லை. எந்த ஊர், யார் வீட்டுச் சுவடி, எவ்வளவு பழையது என்று தெரிவதால். இடம் தெரியாத பாடபேதம் வெறும் அச்சுப்பிழையாகவும் இருக்கலாம், யாரோ இடையில் செருகியதாகவும் இருக்கலாம், வெயிலில் காயவைத்த தபால்தலையாகவும் இருக்கலாம்.

நல்ல வளர்ப்பாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் மலைநாட்டு வகையையும் தாழ்நிலத்து வகையையும் இணைசேர்க்க மாட்டேன் என்கிறார்கள். கலப்பினம் என்று தெரிந்தால் தொடமாட்டார்கள். இந்தக் கறாரைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது, ஒரு பதிப்பாசிரியர் மேல் வருகிற மாதிரியான மரியாதை. ஆனால் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் அறுந்துவிடும். இந்தக் குஞ்சு இன்ன ஆளிடம் பிறந்தது, அதன் தாய் இன்ன ஆளிடம், அதன் தாய்... 2001க்குப் பிறகு குத்தி நீலமணியின் முதல் ஜோடிகள் கடல் தாண்டியது எப்படி என்று நான் வாசித்த எந்தப் பட்டியலும் சொல்லவில்லை. நிறம் எழுதியிருக்கிறது, ஊர் எழுதியிருக்கிறது, பயணம் மட்டும் இல்லை.

2019இல் மலேசியாவின் சரவாக்கிலிருந்து ஒரு நீலக்கால் சிலந்தியை, 'பிருபெஸ்' என்று புதுப் பேரினமே உருவாக்கி, பிரிட்டனில் அறிவித்தார்கள். இனப்பெயர் அதைக் கொண்டுவந்த ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் பிள்ளைகள் பெயர்களைச் சேர்த்துக் கட்டியது. அதைப் பிடிக்க அனுமதி கொடுக்கவே இல்லை என்று சரவாக் வனத்துறைத் தரப்பு சொன்னதும் பெரிய சர்ச்சை. ஒரு காட்டின் உயிர்மேல் அந்தக் காட்டையே பார்த்திராத பிள்ளைகளின் பெயர். கவித்துவம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2023இல் தாய்லாந்தில் அலையாத்திக் காட்டின் மின்னும் நீலச் சிலந்திக்குப் பெயரிடும் உரிமையை ஏலம் விட்டு, பணத்தைப் பழங்குடிப் பிள்ளைகளின் படிப்புக்கும் ஏழைப் புற்றுநோயாளிகளுக்கும் கொடுத்தார்கள். அதை என்னால் அவ்வளவு சுலபமாகத் திட்ட முடியவில்லை. ஆனால் அந்த நீலம் அறிவியல் பெயர் பெறுவதற்கு முன்பே வணிகத்தில் ஒரு பெயரோடு சுற்றிக்கொண்டிருந்தது. பட்டியல் முந்திக்கொண்டது. 2022இல் வந்த ஒரு ஆய்வு, அறியப்பட்ட டரான்டுலா இனங்களில் பாதி விற்பனையில் இருப்பதாகக் கணக்கிட்டது.

சரி, இடத்தை எழுதுங்கள், நேர்மையாக எழுதுங்கள் என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் சிக்கல். ஒரு புது இனம் கிடைத்த இடத்தைத் துல்லியமாக அச்சிட்டால், அடுத்த மாதமே அங்கே ஆள் வந்துவிடுகிறான். அதனால் சில ஆய்வாளர்கள் இப்போது இடத்தை மறைத்தே எழுதுகிறார்கள். பேதத்துக்கு மதிப்பைக் கொடுக்கும் அதே சொல்தான், ஊர்ப்பெயர், அதைச் சாகடிக்கவும் செய்கிறது. உ.வே.சா.வுக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஏடு இருக்கும் வீட்டைச் சொன்னால் இன்னும் நாலு பேர் படிக்க வருவார்கள், அவ்வளவுதான். இங்கே மரப்பொந்து சொன்னால் பொந்து காலி. குத்தி நீலமணியின் வாழிடம் மொத்தமே நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு என்பது 2008 மதிப்பீடு, மிக அருகிய நிலை என்பது அதற்கு வந்த வகைப்பாடு. நானும் மேலே நந்தியால், கித்தலூர் என்று எழுதிவிட்டேன். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அடித்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன்.

ஃபௌல்ஸிடம் திரும்பினால், கிளெக்கின் நிலவறையில் இந்தச் சங்கடத்துக்கு இடமில்லை. அவனுடைய குற்றம் பூட்டில் இருக்கிறது, சாவி அவன் கையில். அண்ணனின் விஷயத்தில் பூட்டு எங்கே என்றே தெரியவில்லை. அவர் வாங்கியது பெட்டியில் பிறந்த குஞ்சு. இன்று விற்பனையில் இருக்கும் நீலமணிகள் பெரும்பாலும் அப்படித்தான். வளர்ப்பாளர்கள் பெருக்கியதால் ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான டாலர் விற்றது சில பத்துகளுக்கு இறங்கிவிட்டது, விலை இறங்கினால் காட்டில் பிடிப்பவனுக்கு ஆசை குறையும் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2019இல் இந்தப் பேரினம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள், காகிதம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. ஆனால் ஒன்று மலிந்ததும் ஆசை அடுத்த நீலத்துக்குத் தாவுகிறது. நாவலின் கடைசியில் கிளெக்கும் வேறொருத்தியைப் பார்த்துவைக்கிறான். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஃபௌல்ஸ் எல்லாச் சேகரிப்பாளரையும், தபால்தலைப் பையனையும் சேர்த்து, பிடித்துவிட்டார் என்று ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் அண்ணனிடம் கேட்டேன், உங்க ஊர்க்காரி எப்படி இருக்கா என்று.

"எங்கடா. ரெண்டு மாசமா பொந்தை விட்டு வரலை. சட்டை உரிக்கப்போறா போல. லைட் போட்டா இன்னும் உள்ள போயிடுவா."

"அப்ப நீங்க பாக்கறதே இல்லையா?"

"ராத்திரி இருட்டுல கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். கால் நுனி தெரியும் சில நாள். கறுப்பாத்தான் தெரியும்."