பெயர் எழுதாத பொறுப்பு

டெபியன் லினக்ஸில் எந்த பேக்கேஜின் கட்டுப்பாட்டுக் கோப்பைத் திறந்தாலும் முதல் சில வரிகளுக்குள் பராமரிப்பாளர் யார் என்பது இருக்கும். ஒருவரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கலாம், ஒரு குழுவின் முகவரியாகவும் இருக்கலாம். குனு கீக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளரில் அந்த வரியைப் பார்க்க முடியாது. அங்கே ஒரு பேக்கேஜ் என்பது ஸ்கீம் மொழியில் எழுதிய சில பத்து வரிகள். பெயர், பதிப்பு எண், மூலநிரல் கிடைக்கும் முகவரி, அந்தக் கோப்பின் ஹாஷ், கட்டும் முறை, சார்ந்திருக்கும் மற்ற பேக்கேஜ்கள், சிறு அறிமுகம், விளக்கம், உரிமம். அவ்வளவுதான். அதை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று வரையறை சொல்வதில்லை. எல்லா பேக்கேஜும் எல்லோருடையது என்பதே கீக்ஸ் சமூகத்தின் நடைமுறை.

கட்டற்ற மென்பொருள் உலகில் ஒரு பேக்கேஜ் மேலாளரைச் சமூகமாகச் சேர்ந்து வளர்ப்பதைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு வேறுபாடுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நிரல் எவ்வளவு நேர்த்தியானது என்பதைவிட, அது உடைந்தால் யார் எழுந்து வருவார் என்பதே இருபது ஆண்டுகள் கழித்து ஒரு திட்டம் உயிரோடிருக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

கீக்ஸ் இந்த முடிவை எடுக்க முடிந்ததற்கு அதன் தொழில்நுட்பமே காரணம். ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தந்த முனைவர் பட்ட ஆய்வு நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளரை விளக்கியது. அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு லுடோவிக் கூர்த்தெஸ் 2012இல் தொடங்கியது கீக்ஸ், 1.0 பதிப்பு 2019 மே மாதம் வந்தது. இவற்றில் ஒவ்வொரு பேக்கேஜும் அதன் உள்ளீடுகள் அனைத்திலிருந்தும் கணக்கிட்ட ஹாஷைப் பெயரில் தாங்கிய தனி டைரக்டரியில் போய் உட்காரும். புதிய பதிப்பு பழையதன் மேல் எழுதப்படாது, பக்கத்தில் வைக்கப்படும். இன்று செய்த மேம்படுத்தல் சரியில்லையென்றால் ஒரே கட்டளையில் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். டெபியனில் அப்படியில்லை. அங்கே ஒரு பேக்கேஜ் நிறுவப்படும்போது அதன் ஸ்கிரிப்ட்கள் ரூட் அதிகாரத்தோடு ஓடி, இயங்கிக்கொண்டிருக்கும் கணினியையே மாற்றுகின்றன. அந்த பேக்கேஜை அணுஅணுவாக அறிந்த ஒருவர் வாசலில் நிற்க வேண்டியது அங்கே நியாயமான தேவை. தவறின் விலை குறைவாக இருக்கும் இடத்தில் அந்நியர் ஒருவர் கைவைப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கீக்ஸின் சமூக ஏற்பாடும் அதன் தொழில்நுட்பமும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பது எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம்.

இதன் பலன் பெரிய மாற்றங்களின்போது தெரியும். பேக்கேஜ் சார்புகளை எழுதும் முறையை 2021இல் கீக்ஸ் எளிமைப்படுத்தியது. அதுவரை ஒவ்வொரு சார்புக்கும் ஒரு சரமும் ஒரு மாறியுமாக இரண்டு முறை பெயர் எழுத வேண்டும். அதன்பின் மாறி மட்டும் போதும். பழைய வரையறைகளைத் திருத்தவே ஒரு கருவியை எழுதி ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களின் மேல் ஓட்டினார்கள். எவரிடமும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. டெபியனில் சில அடிப்படை டைரக்டரிகளை யூஎஸ்ஆர் டைரக்டரிக்குள் இணைக்கும் வேலையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். டிபிகேஜி என்ற பேக்கேஜ் மேலாளரைப் பராமரிப்பவருக்கே அந்த இணைப்பு நடந்த விதத்தில் உடன்பாடில்லை. விவாதம் பல ஆண்டுகள் இழுத்தது. டெபியனின் தொழில்நுட்பக் குழு ஒருமுறைக்கு மேல் தலையிட வேண்டிவந்தது. ஒரு பேக்கேஜுக்கு ஒரு உரிமையாளர் என்றால் அவருடைய தயக்கமும் சேர்ந்தே வரும்.

பெயர் இருந்தால் பாதுகாப்பு என்பதும் முழு உண்மையில்லை. டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜுக்குப் பெயர் சொல்லும் பராமரிப்பு இருந்தது. 2006இல் ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நீக்குவதற்காக அதில் சில வரிகள் எடுக்கப்பட்டன. ரேண்டம் எண்களுக்கான விதை அதோடு ஏறக்குறைய காலியானது. செயல்முறை எண் மட்டுமே மிஞ்சியது. ஒரு வகைக் கணினியில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உருவாகக்கூடிய சாவிகள் ஏறத்தாழ 32,000 வகைகளுக்குள் சுருங்கிவிட்டன. 2008 மே மாதம் வரை எவர் கண்ணிலும் படவில்லை. 2024 மார்ச்சில் வெளியான, எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. பல ஆண்டுகளாக ஒற்றை ஆளாகச் சுமந்து களைத்துப்போயிருந்த பராமரிப்பாளருக்கு உதவ வருவதுபோல் வந்த ஒருவர், பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பின்வாசலைச் செருகிவிட்டார். உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் துருவியதால்தான் அது அகப்பட்டது. இரண்டிலும் குறைந்துபோனது இரண்டாவது ஜோடிக் கண்.

அந்த இரண்டாவது ஜோடிக் கண் கீக்ஸில் இருக்கிறதா? ஏட்டில் இருக்கிறது. கமிட் உரிமை வேண்டுமென்றால் ஏற்கெனவே உரிமை உள்ள மூவர் பரிந்துரைக்க வேண்டும். ஒவ்வொரு கமிட்டும் கையொப்பமிடப்படும். பயனர் புதுப்பிக்கும்போது அந்தக் கையொப்பங்களை அவருடைய கணினியே சரிபார்க்கும். நேற்று ஒரு வரியை மாற்றியவர் யார் என்பது ஐயமின்றித் தெரியும். ஆனால் அடுத்த மாதம் அதைக் கவனிக்கப்போகிறவர் யார் என்பதை அந்தக் கையொப்பம் சொல்லாது. வெளியிலிருந்து பேட்ச் அனுப்புகிறவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறையும் இதுவே: எழுதுவது எளிது, படித்துப் பார்த்து உள்ளே எடுக்க ஆள் கிடைப்பதுதான் அரிது. மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடக்கும் பேட்சைப் பார்த்தபின் இரண்டாவது பேட்ச் அனுப்ப எத்தனை பேருக்கு மனம் வரும்? அந்த பேக்கேஜ் தனி ஒருவருடையது இல்லாததால் யாரையும் தனியே தட்டி எழுப்ப முடியாது.

அடித்தள நூலகங்களில் இது இன்னும் கூர்மையாக வலிக்கும். ஒரு சி நூலகத்தைத் தொட்டால் அதற்கு மேலிருக்கும் எல்லாவற்றின் ஹாஷும் மாறும். எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். அவசரப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு ஒட்டுப்போடும் முறை உண்டு: மறுபடி கட்டாமலே பழைய நூலகத்தைச் சுட்டும் இடங்களைப் புதியதற்குத் திருப்பிவிடுவது. புத்திசாலித்தனமான வழி. மற்ற பெரிய மாற்றங்கள் எல்லாம் ஒரு பொதுக் கிளையில் சேர்ந்தன. எவரும் வேண்டியதை அதில் போடலாம். முடித்து முதன்மைக் கிளையில் சேர்க்கும் வேலை மட்டும் யார் தலையிலும் விழவில்லை. அந்தக் கிளை ஓராண்டுக்கும் மேல் தனியே ஓடியதுண்டு. கடைசியில் அதைக் கைவிட்டு, தலைப்புவாரியாகச் சிறு கிளைகளாகப் பிரித்தார்கள். சரியான முடிவு, தாமதமாக வந்தது.

என் பார்வையில் டெபியன் கீக்ஸைவிடத் தெளிவாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது உரிமையாளர் இல்லாததை ஒப்புக்கொள்ளும் இடம். டெபியனில் ஒருவர் விலகும்போது தன் பேக்கேஜை அநாதை என்று அறிவித்துவிட்டுப் போகலாம். அது பொதுப் பட்டியலில் ஏறும். பராமரிப்பாளர் வரியில் தரக் குழுவின் முகவரி வரும். உதவி வேண்டும், வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கும் தனித்தனி அறிவிப்புகள் உண்டு. கணினியில் ஒரு பேக்கேஜை நம்பிக்கொண்டிருக்கும் எவரும் அந்தப் பட்டியலைப் பார்த்து எச்சரிக்கையாகலாம், மனமிருந்தால் எடுத்தும் கொள்ளலாம். கீக்ஸில் தினமும் கவனிக்கப்படும் பேக்கேஜும் மூன்று ஆண்டாக எவரும் எட்டிப் பார்க்காத பேக்கேஜும் வெளியிலிருந்து ஒரேபோல்தான் தெரியும். பதிப்பு பழையதா, அறியப்பட்ட ஓட்டை இருக்கிறதா என்று சொல்ல நல்ல கருவிகள் இருக்கின்றன. அவை சொல்வது மென்பொருளின் வயதை. அதன்மேல் கவனம் வைத்திருக்கும் மனிதர் ஒருவராவது உண்டா என்பதற்கு அவற்றில் விடை கிடைக்காது.

சமூகம் இதை உணராமல் இல்லை. 2022இல் பைத்தான், ரஸ்ட், ஆர் என்று குழுக்கள் அமைந்தன. எந்தக் குழுவில் யார், எந்தக் கோப்புகள் அவர்கள் பொறுப்பில் என்பதை ஒரு ஸ்கீம் கோப்பு சொல்லும். 2025இல் மின்னஞ்சல்வழி பேட்ச் முறையிலிருந்து கோட்பெர்க் தளத்துக்கு நகர்ந்தார்கள். பல மாதம் விவாதித்து, ஒருமித்த கருத்தை எட்டும் நடைமுறையை முதலில் எழுதி வைத்து, அதன்படி எடுத்த முடிவு அது. இப்போது ஒரு கோப்பில் மாற்றம் வந்தால் அதற்குரிய குழுவுக்குத் தானாகத் தகவல் போகிறது. ஒற்றை ஆளின் வாசலும் இல்லை, வாசலே இல்லாத வெளியும் இல்லை. கூட்டுரிமையை விட்டுக்கொடுக்காமல் பொறுப்புக்கு ஓர் உருவம் கொடுக்கும் இந்த வழி எனக்குச் சரியென்றே படுகிறது.

ஒரு குறை இன்னும் மிச்சமிருக்கிறது. குழுப் பட்டியலில் இடம்பெறாத கோப்புகள் உண்டு. பெயரளவில் இருந்து ஆளில்லாமல் போகும் குழுக்களும் உருவாகும். பன்னிரண்டு மாதம் செயல்படாதவரின் கமிட் உரிமையைத் திரும்பப் பெறும் வழக்கம் கீக்ஸில் ஏற்கெனவே உண்டு. அதே கணக்கைக் குழுக்களுக்கும் கோப்புகளுக்கும் வைத்து, கவனிப்பாரற்றவை எவை என்று ஒரு பொதுப் பக்கத்தில் போடலாம். தேவையான விவரம் முழுவதும் கமிட் வரலாற்றிலேயே இருக்கிறது. அதைத் திரட்டும் நிரல் சில நூறு வரிகளுக்கு மேல் போகாது.