நாள்மீனும் வடமீனும்: சிலப்பதிகார மணவிழாவில் இரு விண்மீன்கள்

முன்னுரை

அருந்ததி என்னும் விண்மீன் தமிழ் இலக்கியத்தில் கற்புக்கு உவமையாகவும், மணச்சடங்கில் மணமக்களுக்குக் காட்டப்படும் மீனாகவும் அறியப்படுவது. இவ்விரு வழக்குகளையும் சோதிட நம்பிக்கை என்ற ஒரே பெயரால் சுட்டுவது எளிது. ஆயினும் அது பொருந்தாது. பண்டைத் தமிழ் நூல்கள் மணவாழ்வோடு இணைத்துப் பேசும் மீன்கள் இரண்டு. ஒன்று உரோகிணி, மற்றொன்று வடமீன் எனப்படும் அருந்ததி. முன்னது பொழுதைக் குறிக்கிறது. பின்னது பண்பைக் குறிக்கிறது. இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொண்டு நோக்கினால், இரண்டையும் ஒரே காட்சியில் நிறுத்தும் சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடல் ஆழ்ந்த பொருள் தருகிறது.

விண்ணில் இரு மீன்களின் இடம்

உரோகிணி இருபத்தேழு நாள்மீன்களுள் ஒன்று. வானியலார் ஆல்டிபாரன் என்று அழைக்கும் இச்செம்மீன் திங்கள் செல்லும் வழியிலேயே உள்ளது. திங்கள் மாதந்தோறும் அதனை அணுகும். ஒரு நாள் அதனோடு இருந்து, மறுநாள் அடுத்த நாள்மீனுக்குச் செல்லும். கணித்து நாள் குறிக்க இவ்வியக்கமே அடிப்படை.

அருந்ததியின் இயல்பு வேறு. எழுமுனிவர் மண்டலத்தில் வசிட்டன் எனப்படும் மைசார் மீனுக்கு அருகில், முழுநிலவின் குறுக்களவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இடைவெளியில் அது தோன்றுகிறது. ஆல்கார் என்பது அதன் வானியற் பெயர். அதன் தோற்ற ஒளியளவு 4. வசிட்டனின் அளவோ 2.2. எண் கூடக் கூட ஒளி குறையும் என்பதால், கூர்ந்து நோக்குவார்க்கே அருந்ததி புலப்படும். ஞாயிற்றின் வழியிலிருந்து அது 56 பாகை வடக்கே விலகியுள்ளது. திங்களோ அவ்வழியை விட்டு 5 பாகைக்குச் சற்று மேல் விலகுவதில்லை. எனவே திங்களோ பிற கோள்களோ அருந்ததியை ஒருபோதும் அணுகுவதில்லை. பிறப்புநாள் கணிப்பில் அதற்கு இடமில்லாமைக்குக் காரணம் இதுவே.

ஆகவே அருந்ததிக்கு உரைக்கப்பட்ட பொருள்கள் கோள்நிலையைச் சாராமல் காட்சியைச் சார்ந்தவை. அதனைக் காண இயலாதவனுக்கு இறுதி அண்மையில் உள்ளது என்று சுசுருத சங்கிதை கூறுகிறது. அருந்ததி வசிட்டனை முந்திச் சென்றதாக வியாசர் உரைப்பதை மகாபாரதத்தின் வீட்டும பருவம் பெரும்போருக்கு முன் தோன்றிய தீநிமித்தங்களுள் ஒன்றாக வைக்கிறது. கண்ணுக்குப் புலப்படுதல், தன் இடத்தில் நிற்றல் என்னும் இரண்டே இங்குப் பொருள் தருகின்றன.

தொகை நூல்களில் இரு மரபுகள்

அகநானூற்றின் 86, 136 ஆம் பாடல்கள் மணவிழாவை விரித்துரைப்பவை. பின்னது திங்கள் உரோகிணியைக் கூடிய வேளையை வெளிப்படையாகச் சுட்டுகிறது. முன்னது தீய கோள்களின் தொடர்பு நீங்கிய நன்னாளைக் கூறுகிறது. இரண்டிலும் அருந்ததி இடம்பெறவில்லை, எரிவலமும் இல்லை. மணத்திற்கு வேண்டிய மீன் பொழுது காட்டும் மீனாகவே உள்ளது.

வடமீன் வருமிடங்கள் மணநாளுக்குப் பிற்பட்ட இல்வாழ்வைச் சார்ந்தவை. ஐங்குறுநூறு 442 இல் பாசறையில் இருக்கும் தலைவன், இல்லில் காத்திருக்கும் புதல்வன் தாயை அருந்ததியோடு ஒப்பிடுகிறான். கலித்தொகையின் 2 ஆம் பாடலில், பொருள்தேடப் பிரியக் கருதும் தலைவனுக்கு, வடமீன் போலத் தொழத்தக்க கற்பினாளைப் பிரியாமையே பொருள் என்று உணர்த்தப்படுகிறது. புறநானூறு 122 இல் கபிலர், அனைத்தையும் பிறர்க்கு ஈந்த மலையமான் திருமுடிக்காரிக்கு உரியதாக எஞ்சியது வடமீன் அன்ன கற்புடைய மனைவியின் தோள் மட்டுமே என்கிறார். பெரும்பாணாற்றுப்படை அதனைச் சிறுமீன் என்றே சுட்டுவது, அதன் மங்கிய ஒளியைப் புலவர் நேரிற் கண்டறிந்தமையைக் காட்டுகிறது.

இவ்விடங்களுள் எதிலும் ஆடவன் வசிட்ட மீனோடு ஒப்பிடப்படவில்லை. வானில் இரண்டாக நிற்கும் மீன்களுள் ஒன்று மட்டுமே உவமையாயிற்று. பிரிவோன் ஆடவனாக, நிலைத்து நிற்கும் கடமை மகளிர்க்கு வகுக்கப்பட்டமை இவ்வுவமைத் தேர்விலேயே வெளிப்படுகிறது.

சிலம்பில் இரண்டும் கூடுதல்

இளங்கோவடிகள் இரு மரபுகளையும் ஒன்றாக்குகிறார். திங்கள் உரோகிணியை அடைந்த வேளையில், சாலி என்னும் மீன் அன்ன கண்ணகியைக் கோவலன் கைப்பற்றி எரிவலம் வருகிறான். சாலி அருந்ததியின் மற்றொரு பெயர். பரிபாடலின் 5 ஆம் பாடல் முருகன் பிறப்பைக் கூறுமிடத்து, முனிவர் மனைவியர் எழுவருள் தனித்து நின்றவளைச் சாலினி என்று குறிக்கிறது. ஏனைய அறுவர் கார்த்திகை மீன்களாயினர். எனவே தனித்து நிற்றல் என்னும் பொருள் அப்பெயரோடு முன்பே ஒட்டியுள்ளது.

நாள் நல்ல நாள். பெண் அருந்ததி அனையாள். ஆயினும் அரங்கேற்று காதையிலேயே கோவலன் மாதவியிடம் செல்கிறான். இதனை நோக்க, மணக்காட்சியின் இரு மீன்களும் காப்பியத்தின் போக்கையே முன்னுணர்த்துவனவாகப் படுகின்றன. திங்கள் உரோகிணியோடு தங்குவது ஒரு நாள். பின் விலகிச் செல்வது அதன் இயல்பு. வடமீன் தன் இணையை விட்டு அகல்வதில்லை. இளங்கோவடிகள் இதனைக் கருதியே பாடினார் என்று அறுதியிட நூலுள் வெளிப்படைச் சான்று இல்லை. எனினும் நன்னாளும் நற்பண்பும் சேர்ந்தும் பிரிவைத் தடுக்கவில்லை என்பது கதையே தரும் சான்று. வடமீன் உவமை கண்ணகியின் நிலைபேற்றைச் சொல்லும். அந்நிலைபேற்றுக்கு அவள் கொடுத்த விலையைச் சொல்லாது. அதனைச் சொல்லும் பணியைக் காப்பியத்தின் எஞ்சிய பகுதி ஏற்கிறது.

சடங்கும் காட்சியும்

தமிழகம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், அருந்ததி இங்கு மறையாத மீன் அன்று. தை மாத மாலையில் அது அடிவானுக்குக் கீழே இருக்கும். இரவு நெடுநேரம் கழிந்தே எழும். பகலில் நிகழும் மணங்களிலோ எம்மீனும் தெரிவதில்லை. கண்டு தேறிய உவமை, காணாமலே காட்டும் சடங்காயிற்று. உவமைக்கு உயிரளித்த கூர்நோக்கு சடங்கில் நீங்கிவிட, பெண்ணுக்கு உரைக்கும் அறிவுரை மட்டும் எஞ்சியது.

முடிவுரை

நாள்மீன் கணிப்புக்கு உரியது. வடமீன் காட்சிக்கு உரியது. அருந்ததி உவமையைச் சோதிடத்தின் கூறாகக் கொள்வது இவ்வெல்லையை அழித்துவிடும். எல்லையைப் பேணி வாசிக்கும்போதுதான், நன்னாள் உறுதியளித்ததும், ஒரு பெண்ணிடம் மட்டும் எதிர்பார்க்கப்பட்டதும் வெவ்வேறு என்பது புலனாகும். கண்ணகியின் மணநாள் வாழ்த்து அவ்விரண்டையும் அருகருகே வைத்தது. அவற்றின் இடைவெளியிலேயே சிலம்பின் கதை தொடங்குகிறது.