மரக்கழியும் நானும்

'பார்' வகுப்புக்குப் போய்வந்தேன் என்றதும் நண்பர் ஒருவர் திடுக்கிட்டார். அவர் நினைத்த இடம் வேறு. நான் சொன்னது, பாலே நடனக்காரர்கள் பயிற்சியின்போது பிடித்துக்கொள்வதற்காகச் சுவரோரம் பொருத்தியிருக்கும் மரக்கழியை. அதற்குத்தான் அந்தப் பெயர். நடனமே அறியாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு செய்யும் தேகப்பயிற்சி இன்று மேல்நாட்டு நகரங்களில் பெருவழக்கு. லண்டனில் சில நாள் தங்க நேர்ந்தபோது நானும் ஒரு வகுப்பில் போய் நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுதி எழுதியே இடுப்பு வலியைச் சம்பாதித்துக்கொண்ட நாற்பது வயதுக்காரனுக்கு இந்த ஆசை வருவது இயற்கைதானே?

அங்கே ஓட்டமும் இல்லை; குதியாட்டமும் இல்லை. குதிகாலை உயர்த்தி, முழங்காலைச் சற்று மடக்கி, ஓர் அங்குலம் இறங்கி, ஓர் அங்குலம் ஏற வேண்டும். ஆசிரியை எட்டு எட்டாக எண்ணினார். 'இவ்வளவுதானா?' என்று நினைத்தேன். மூன்றாவது எட்டில் என் தொடை நடுங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மூதாட்டியோ தூண்போல நின்றார். களைத்த தசைகள் ஒரே சீராக இழுக்க முடியாமல் தவிப்பதே அந்த நடுக்கம். நிலைக்கண்ணாடி முன் அதை மறைக்க வழியில்லை. ஆனால் அங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவரவர்க்கு அவரவர் நடுக்கம்.

பயிற்சி நல்லதுதான். அதற்குச் செய்யும் விளம்பரத்தோடுதான் எனக்கு வழக்கு. 'நடனக்காரியின் உடல், நீண்ட தசைகள்' என்று ஆசை காட்டுகிறார்கள். தசை எலும்பில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதுவே அதன் நீளத்துக்கு எல்லை. எந்த வகுப்பும் அந்த இடங்களை மாற்றிவிடாது. பாதங்களை வெளிப்புறம் திருப்பி நிற்பதும் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டிய காரியம். பாதத்தை மட்டும் வலிந்து திருப்புகிற புதியவருக்கு முழங்கால்தான் வட்டி கட்டும்.

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் பட்டது. பாலே பயில்கிறவர் வகுப்பின் முற்பகுதியில்தான் கழியைப் பிடிக்கிறார். பிறகு அதை விட்டுவிட்டு நடுக்கூடத்துக்கு வந்து ஆடுகிறார். நாங்களோ கழியை விட்டு நடுக்கூடத்துக்குப் போகவே இல்லை. சரளி வரிசையோடு எழுந்துபோகிறவனைப் பாடகன் என்று யார் சொல்வார்கள்?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் லோட்டி பெர்க்கின் கதை என்னைத் தடுத்தது. 1913-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்த யூத நடனக்காரி அவர். நாஜிகளிடமிருந்து தப்பி லண்டனுக்கு வந்தவர். முதுகில் அடிபட்ட பிறகு, தம் நடனப் பயிற்சியையும் உடலைத் தேற்றும் அப்பியாசங்களையும் இணைத்து ஒரு முறையை வகுத்தார். 1959-ல் லண்டனில் அதற்கென்றே ஒரு கூடம் திறந்தார். அவரிடம் கற்ற லிடியா பாக் 1971-ல் அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். பெர்க் 2003-ல், தொண்ணூறாவது வயதில் மறைந்தார்.

ஆக, இது நடனத்துக்கு ஏறிப்போகும் படியாகப் பிறக்கவில்லை. அடிபட்ட உடம்பொன்று மறுபடி நிமிர்வதற்காகப் பிறந்தது. அப்படியானால் ஆடத் தெரியாத எனக்கும் இதில் பாத்தியதை உண்டு. நடனம் என்று சொல்லி விற்பதுதான் பிழை. தசைக்கு வலுவும் நிற்பதில் நிதானமும் தரும் அப்பியாசம் என்று சொன்னால் அது உண்மை. அதுவே போதுமான பெருமையும்கூட. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. அதோடு 150 நிமிஷ மிதமான உழைப்பும் வேண்டும் என்கிறது. முன்னதற்கு இந்தக் கழி உதவும். பின்னதற்கு வேகநடை இருக்கிறது. அதற்குக் கட்டணமும் கிடையாது.

வகுப்பு முடியும் தறுவாயில் ஆசிரியை, "கையை எடுத்துப் பாருங்கள்" என்றார். எடுத்தேன். குதிகால் தரைக்கு மேலே நிற்க, மூன்று எண்ணும்வரை நின்றேன். நான்காவது எண்ணிக்கையில் கழியைப் பிடித்துக்கொண்டேன். மூதாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்.