அம்மச்சிப் பிலாவும் தம்பிமார் கதையும்: நெய்யாற்றங்கரை - பாறசாலை எல்லைப்புறத்தில் ஒரு வரலாற்று எடுத்துரைப்பு

பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டபின் திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதிக்குச் செல்லும் பயணியருள் பலர் இடைவழியில் நெய்யாற்றங்கரையில் இறங்குகின்றனர். ஆற்றை அடுத்துள்ள கிருஷ்ணசுவாமி கோயிலில் கண்ணன் நவநீதகிருஷ்ணனாகக் காட்சி தருகிறான். கோயில் வளாகத்திலேயே பட்டுப்போன பிலா மரம் ஒன்றின் அடிப்பகுதி காப்பிட்டுப் பேணப்படுகிறது. அதன் பெயர் அம்மச்சிப் பிலாவு. அரசுரிமைப் பூசலில் பகைவரால் துரத்தப்பட்ட இளவரசர் மார்த்தாண்டவர்மர் இம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பதும், ஒளிவிடம் காட்டிய சிறுவன் கண்ணனே எனத் தெளிந்து, அரசரானபின் இவ்விடத்தில் கோயில் எடுப்பித்தார் என்பதும் இங்கு வருவோர்க்குச் சொல்லப்படும் கதையாகும்.

இக்கதையின் அமைப்பு தலபுராண அமைப்பே. இடர், மறைவிடம், சிறுவன் வடிவில் இறைவன், பின்னர்க் கோயில் என்ற வரிசை தமிழ்த் தலபுராணங்களைப் பயின்றோர்க்குப் புதிதன்று. தலபுராணத்தில் துரத்துவோர்க்கு முகம் தேவையில்லை. அவர் அசுரராகவோ வேடராகவோ இருந்தால் போதும். ஆனால் நெய்யாற்றங்கரைக் கதையில் துரத்தியவர்கள் அசுரர் அல்லர். அவர்கள் பெயர் தெரிந்த மாந்தர்; ஆட்சியில் இருந்த அரசரின் மக்கள். அவர்களைப் பற்றிய கதைப்பாடல் ஒன்று தமிழில் உண்டு. மரத்தடியில் நிற்கும் பயணிக்கு அப்பாடல் எட்டுவதில்லை என்பது வியப்பன்று. தமிழ் ஆய்வுலகும் அம்மரத்தையும் அப்பாடலையும் ஒருங்கு வைத்துப் போதிய அளவு நோக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

முதலில் நிலப்பரப்பு. பத்மநாபபுரத்திலிருந்து குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றங்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் சாலை இரு தலைநகரங்களை இணைத்த சாலை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றங்கரை வட்டமும் அதனுள் பாறசாலையும் கேரளத்தில் நின்றன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு நெய்யாற்றங்கரை வட்டத்தின் தென்பகுதியையும் கேட்டது, அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் நீடிக்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் தேவாரக்கட்டுச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இவ்வழியே திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். அச்சரசுவதி கம்பர் வழிபட்டது என்பது செவிவழி மரபு. எழுந்தருளல் குழித்துறையில் ஓர் இரவும் நெய்யாற்றங்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் ஓர் இரவும் தங்குகிறது. களியக்காவிளையில் எல்லை கடக்கிறது. சிலைகள் கடக்கும் எல்லையைக் கதைகள் அவ்வளவு எளிதாகக் கடக்கவில்லை.

பூசலின் பின்னணி சுருக்கமாகச் சொல்லத்தக்கது. வேணாட்டு அரசுரிமை மருமக்கள் வழிப்பட்டது. அரசருக்குப்பின் அவர் உடன்பிறந்தாள் மகன் பட்டம் பெறுவான். அரசரின் மகன் பெறான். அம்மகனுக்குத் தம்பி என்பது பட்டப்பெயர், மகளுக்குத் தங்கச்சி. 1724 முதல் 1729 வரை ஆண்ட இராமவர்மருக்குப் பப்புத் தம்பி, இராமன் தம்பி என இரு மக்கள். பாடல் மரபில் இவர்கள் வலிய தம்பி, குஞ்சுத் தம்பி எனப்படுவர். மருமகனாகிய மார்த்தாண்டவர்மர் 1729இல் பட்டமேற்று 1758 வரை ஆண்டார். எதிர்த்து நின்ற தம்பிமாரும் எட்டுவீட்டில் பிள்ளைமாரும் ஒழிக்கப்பட்டனர். 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றதும், 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அடைக்கலமாக்கித் தம்மைப் பத்மநாபதாசர் என அழைத்துக்கொண்டதும் இவர் பெயரை நிலைநிறுத்தின. வென்றவர் வரலாறு இறைவனின் வரலாறாகவும் ஆன பிறகு, தோற்றவர் தம் நியாயத்தைச் சொல்ல நாட்டார் பாடலையன்றி வேறு இடம் இருக்கவில்லை.

இன்று மார்த்தாண்டவர்மரை மக்கள் அறிந்திருக்கும் உருவம் பெரிதும் ஒரு நாவல் தந்த உருவம். சி.வி. இராமன் பிள்ளை (1858-1922) எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ 1891இல் வெளிவந்தது; மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல் எனப்படுவது. 1933இல் பேசாப் படமாகவும் எடுக்கப்பட்டது. பதிப்புரிமை வழக்கால் அப்படத்தின் ஓட்டம் நின்றது. நாவலின் கலைத்திறம் ஐயத்திற்கு இடமற்றது. இரவுப் பயணம், மாறுவேடம், ஆள்மாறாட்டம் ஆகியவற்றை அது கையாளும் வேகம் அக்காலத் தமிழ் நாவல்களில் காண அரியது. எனினும் அதன் அறக்கணக்கு எளிமையானது. மூத்த தம்பி பெண்வேட்கையும் கொடுமையும் உடையவன். அவனுக்குச் சூழ்ச்சித் துணையாக நிற்கும் சுந்தரய்யன் பாண்டிநாட்டுத் தொடர்பினன். அரசுரிமை முறை நாவலில் எங்கும் வினாவுக்கு உட்படுவதில்லை. மருமகன் உரியவன், மகன் பறிப்பவன் என்பது கதை தொடங்குமுன்னரே முடிவாகிவிட்ட செய்தி.

நாவலில் இளவரசரைப் பலமுறை காக்கும் ‘பிராந்தன் சான்னான்’ என்ற பாத்திரம் தனியே நோக்கத்தக்கது. பனையேறும் குலத்தவனாகவும் பித்தனாகவும் நடமாடும் அவன், இறுதியில் மாறுவேடம் பூண்ட அனந்தபத்மநாபன் என்னும் உயர்குடி நாயர் இளைஞன் என்பது வெளிப்படுகிறது. குமரி மாவட்ட வாய்மொழி மரபிலோ, இளவரசருக்குத் துணைநின்ற அனந்தபத்மநாபன் சான்றோர் குலத்து ஆசான் என்றே வழங்குகிறது. இவ்விரண்டில் எது வரலாறு என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. இலக்கியத் திறனாய்வுக்கு அவ்வழக்கைத் தீர்க்க வேண்டிய கடப்பாடு இல்லை. காத்தவன் பனையேறியாக இருத்தல் கூடும் என்ற வாய்ப்பை நாவல் தானே எழுப்பித் தானே வேடம் என்று களைகிறது என்பதே நோக்கத்தக்கது. கோயில் கதையில் அதே இடத்தைக் கண்ணன் நிரப்புகிறான். இரு கதைகளிலும் உதவியவனின் எளிய குலம் நிலைபெறுவதில்லை. ஒன்றில் அவன் நாயர் ஆகிறான், மற்றொன்றில் கடவுள் ஆகிறான்.

இனித் தம்பிமார் கதை. வில்லுப்பாட்டாகப் பாடப்பட்ட இக்கதைப்பாடல் பகையின் வேரை அரியணை ஆசையில் வைக்கவில்லை. இளவரசருக்கும் தம்பிமாரின் உடன்பிறந்தாளுக்கும் நடந்த மணப்பேச்சு முறிந்ததில் வைக்கிறது. தம்பிமார் இங்கு வீரர். தாய் அபிராமியின் அருமை மக்கள். நாகர்கோவில் அரண்மனையில் வஞ்சனையால் கொல்லப்படுகின்றனர். தங்கையின் துயரும் சாவும் தொடர்கின்றன. கொலையுண்டோர் வரம்பெற்றுத் தெய்வமாதல் வில்லுப்பாட்டின் அடிப்படை இலக்கணம் ஆதலின், தோல்வி இங்கு முடிவன்று, வழிபாட்டின் தொடக்கம். நாவல் தம்பிமாரின் வீழ்ச்சியை நீதியின் வெற்றியாக முடிக்கும் இடத்தில், பாடல் அதனை ஆறாத பழியாகத் திறந்து வைக்கிறது. பாடல் சொல்வதை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. மணப்பேச்சு முறிவைப் பகைக்குக் காரணமாக்குவது கதைப்பாடல்களில் அடிக்கடி வரும் உத்தி. ஐவர் ராசாக்கள் கதையிலும் போருக்கு அடிப்படை அதுவே. ஆயினும் உத்தி என்று ஒதுக்கினால் பொருள் நழுவும். மருமக்கள் வழியில் அரசுரிமையும் திருமணமும் பிரிக்க இயலாதவை. யார் யாரை மணப்பது என்பதே யார் மகன் ஆள்வான், யார் மகன் ஆளான் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே அரியணைப் பூசலை மணப்பூசலாகப் பாடிய நாட்டார் புலவர் அரசியலை விட்டு விலகினார் அல்லர். அதன் நடுப்புள்ளியைத் தொட்டார்.

இங்குச் சொல் ஒன்று துணைசெய்கிறது. ‘தம்பி’ தமிழில் இளையவன். திருவிதாங்கூர் அரச வழக்கில் அது ஆளும் உரிமையற்ற மகனைச் சுட்டும் பட்டம். எல்லைப்புறத்தில் இரு வழக்கும் ஒருங்கே வாழ்ந்தன. வில்லுப்பாட்டைக் கேட்ட குமரி மாவட்டத்துச் சிற்றூரார்க்குத் தம்பிமார் என்ற சொல் பட்டமாகவும் உறவாகவும் ஒலித்திருக்கும். பாடல் இவ்விரு பொருளுக்கும் இடையே உலவுவதால்தான் அரண்மனைச் சாவு வீட்டுச் சாவாகிறது; கேட்போர் அழுகின்றனர். மலையாள நாவலில் அதே சொல் பட்டமாக மட்டுமே நிற்கிறது. ஆகவே அங்கு அழுகைக்கு இடமில்லை.

இனி மரத்தின் பெயர். அம்மச்சி என்பது பேச்சில் தாயைக் குறிக்கும். காத்த மரம் தாயாயிற்று என்பது கோயில் விளக்கம். ஆனால் திருவிதாங்கூரில் அரசரின் மனைவியர்க்கும் அம்மச்சி என்பதே பட்டம். அவ்வம்மச்சியரின் மக்களே தம்பிமார். மருமகனை உயிர்காத்த மரம் தாங்கி நிற்பது, அவர் கையால் மக்களை இழந்த பெண்ணின் நிலைக்குரிய பட்டப்பெயர். பெயரிட்டோர் இதனைக் கருதினர் என்று சொல்வதற்குச் சான்று இல்லை, கருதியிருக்கவும் மாட்டார்கள். எனினும் தம்பிமார் கதையைக் கேட்டறிந்த ஒருவர் நெய்யாற்றங்கரையில் இப்பெயரைக் கேட்கும்போது மரத்துக்குப் பின்னால் அபிராமி நிற்பதைத் தவிர்க்க இயலாது. தலபுராணம் ஒரு தாயை உருவாக்கியது; பாடல் இன்னொரு தாயை நினைவில் வைத்துள்ளது.

மருமக்கள் வழியில் மகனுக்கு நேரும் இழப்பைத் தமிழில் பாடியவர் வில்லிசைப் புலவர் மட்டும் அல்லர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ நாஞ்சில் வேளாளர் குடும்பங்களில் அம்முறை விளைத்த அல்லலை எள்ளலாகப் பாடியது. அதனைச் சமூகச் சீர்திருத்த நூலாக மட்டும் படிக்கும் வழக்கமே மிகுதி. தம்பிமார் கதையோடு அடுத்து வைத்துப் படித்தால், அரண்மனையில் குருதி சிந்திய சிக்கல் இரு நூற்றாண்டு கழித்து வீட்டுத் திண்ணையில் வழக்காகவும் வசையாகவும் தொடர்ந்தது தெரியும். ஒன்று அழுகைச் சுவை, மற்றொன்று நகைச் சுவை, பொருள் ஒன்று. இத்தகைய ஒப்பீடு நிகழாமைக்குக் காரணம், கதைப்பாடலை நாட்டார் வழக்காற்றியலுக்கும் மான்மியத்தை இக்கால இலக்கியத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்த பாடத்திட்டமே எனலாம்.

பங்கீடு அத்துடன் நிற்கவில்லை. இரவிக்குட்டிப் பிள்ளை போர், அஞ்சு தம்புரான் பாட்டு, உலகுடைய பெருமாள் கதை முதலியவற்றை மலையாள இலக்கிய வரலாறு ‘தெக்கன் பாட்டுகள்’ என்ற தலைப்பில் கொள்கிறது. உள்ளூர் பரமேசுவர ஐயர் அவற்றைத் தம் வரலாற்றில் எடுத்துரைத்துள்ளார். தமிழில் அதே வகைப் பாடல்கள் கதைப்பாடல் எனப்படுகின்றன, நா. வானமாமலையின் பதிப்புகளால் 1970களில் ஆய்வுத் தகுதி பெற்றன. இருமொழியாரும் பாடலின் மொழியைத் தத்தம் பக்கம் இழுப்பதில் காட்டிய ஊக்கத்தைப் பாடலின் மனிதர்களைப் படிப்பதில் காட்டவில்லை. தமிழ் யாப்பும் மலையாளச் சொல்லும் கலந்த மொழியைக் கலப்படம் எனத் தமிழாசிரியரும், தமிழ்ச் சாயல் மிக்க கொச்சை வழக்கு என மலையாள ஆசிரியரும் குறைகூறுவது வழக்கமாயிற்று. நெய்யாற்றங்கரையிலும் பாறசாலையிலும் வில்லடிச்சான் பாட்டு என்றும், விளவங்கோட்டில் வில்லுப்பாட்டு என்றும் வழங்கும் கலை ஒன்றே என்பதை அக்கலைஞர் அறிவர். அவர்கள் களியக்காவிளையின் இருபுறமும் பாடி வந்தவர்கள்.

தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும் அச்சான கதைப்பாடல் பதிப்புகளை ஒரே மேசையில் வைத்துப் பாடவேறுபாடு காண்பது முதற் பணி. மலையாளப் பதிப்புகளில் தம்பி, அம்மச்சி, தங்கச்சி போன்றவை பட்டமாகவும், தமிழ்ப் பதிப்புகளில் உறவுப் பெயராகவும் குறிப்பெழுதப்பெறும் போக்கு இருப்பின், ஒரே வரி இரு பதிப்பில் இரு பொருள் தரும். ஒரு சொல்லின் பொருள் வேறுபாட்டால் கதையின் சார்பே மாறும் நிலையில், சொல்லடைவு பின்னிணைப்புக்குரிய எளிய வேலையாகாது. நெய்யாற்றங்கரைக் கோயிலின் வாய்மொழிக் கதையும் இவ்வொப்பீட்டில் ஒரு பாடமாகச் சேர்க்கப்பட வேண்டும். அதில் சிறுவனுக்கு மாற்றாக உழவனோ பனையேறியோ வரும் வடிவங்கள் சுற்றுவட்டாரத்தில் எவ்வெவ்வூரில் வழங்குகின்றன என்பதைப் பாறசாலை முதல் நெய்யாறு வரை ஊர்வாரியாகப் பதிவுசெய்தல், பயணியர் கேட்கும் ஒரே வடிவம் மற்றவற்றை அழிக்குமுன் செய்யத்தக்கது.