நீரை மறந்த சதுரங்கள்

நிலப்படத்தில் சதுரக் கட்டம் வரைவது எளிது. நீர் அக்கட்டங்களுக்கு அடங்கி ஓடுமா? அமெரிக்காவின் வறண்ட நிலங்களைப் பற்றி ஜான் வெஸ்லி பவல் 1878-இல் வெளியிட்ட அறிக்கை எழுப்பும் வினா இதுவே.

யூட்டாவின் உயர்ந்த பாலைநிலத்தை எண்ணிப் பாருங்கள். மேலேறும் காற்று குளிர்வதால் மலைமீது பனி பொழிகிறது. பள்ளத்தாக்கோ காய்ந்து கிடக்கிறது. பனி உருகிய நீர் மலையடி ஊற்றுகளிலும் ஓடைகளிலும்தான் கிடைக்கும். 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர்ச் சதுரங்களாக அங்கே நிலம் பிரித்தால், ஒருவருக்கு ஓடை, அடுத்தவருக்குப் புழுதி! ஓடையைப் பெற்றவரே சுற்றிலுமுள்ள மேய்ச்சல் நிலம் முழுவதையும் ஆள்வார். ஆகவே, நில அமைப்பை ஒட்டி, ஒவ்வொன்றும் நீரைத் தொடுமாறு, 2,560 ஏக்கர்ப் பண்ணைகள் வேண்டும் என்றார் பவல். சட்டமன்றம் ஏற்கவில்லை, ஆயினும் வாதம் சரியானதே.

பிழை வேறிடத்தில் உள்ளது. மலைக்காடுகள் தீப்பற்றுவதற்குப் பூர்வகுடியினரே காரணம் என்று கூறி, அவர்களை அகற்றச் சொல்கிறது நூல். அளவான தீ பல காடுகளுக்கு நன்மை செய்வதை இன்று அறிவோம். அந்த ஊற்றுகளை நெடுங்காலமாக அறிந்து வாழ்ந்தவர்களும் அம்மக்களே.

மாணவர்களே, நிலத்தைப் பற்றி இந்நூல் கூறுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். மனிதரைப் பற்றிக் கூறுவதை ஐயுற்றுப் படியுங்கள்.