கழித்தல் கணக்கில் தொடங்கும் பயணம்

1971 டிசெம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரப் பாடசாலை ஒன்றில், டொன் ராவிட்ஷ் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு மேற்குக் குடியேற்ற வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு விளையாட்டை இறக்கினார். அவர் முதலில் யோசித்தது வரைபடமும் சீட்டும் பகடையும் கொண்ட பலகை விளையாட்டு. உடன் தங்கியிருந்த பில் ஹைன்மன், போல் டில்லன்பெர்கர் இருவரும்தான் அதைக் கணினிக்கு மாற்றினார்கள். திரை கிடையாது; டெலிடைப் இயந்திரம் கேள்வியைத் தாளில் அச்சடிக்கும், பிள்ளைகள் பதிலைத் தட்டுவார்கள். அதுவே பின்னாளில் ‘ஒரிகன் ட்ரெயில்’ ஆயிற்று. மிசூரியின் இன்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து ஒரிகன் வரை ஏறத்தாழ 2000 மைல், மாட்டுவண்டியில் ஒரு குடும்பம். மாவு எவ்வளவு, தோட்டா எவ்வளவு, ஆற்றை இறங்கிக் கடப்பதா, ஓடக்காரனுக்குக் காசு கொடுப்பதா? 1985இல் வந்த அப்பிள் பதிப்பின் வழியே அமெரிக்கப் பிள்ளைகளின் ஒரு தலைமுறை சீதபேதியில் ‘செத்து’ப் பிழைத்தது.

இந்த விளையாட்டின் உயிர் படத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி அமைப்பில் 1974இல் வேலைக்குச் சேர்ந்த ராவிட்ஷ், பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, நோயும் மழையும் வண்டிச்சக்கர முறிவும் எத்தனைக்கு ஒரு தடவை நேர்ந்தன என்று பார்த்து நிகழ்தகவுகளைத் திருத்தி எழுதினார். 1985 பதிப்பில் வங்கிக்காரர் 1600 டொலருடனும் தச்சர் 800 டொலருடனும் விவசாயி 400 டொலருடனும் புறப்படுகிறார்கள். போய்ச் சேர்ந்தால் விவசாயியின் புள்ளிகள் மூன்று மடங்காகும். வறியவருக்கு வழி கடினம் என்பதை விளையாட்டு சொற்பொழிவில்லாமல் உணர்த்திவிடுகிறது. ஆனால் யாருடைய மண்ணின் மேல் அந்த வண்டி போகிறது என்பதை அது நெடுங்காலம் கேட்கவில்லை. 1990களில் ஆசிரியர் பில் பிகலோ இந்தக் குறையைக் காட்டி எழுதினார். 2019இல் வெளிவந்த ‘வென் ரிவர்ஸ் வேர் ட்ரெயில்ஸ்’ துரத்தப்பட்ட ஒரு பூர்வகுடியின் பக்கமிருந்து பயணத்தைச் சொன்னது. 2021இல் வந்த புதிய ‘ஒரிகன் ட்ரெயில்’ பூர்வகுடி வரலாற்றாய்வாளர்களின் ஆலோசனையோடு திருத்தப்பட்டது.

இலங்கையின் மலையகத் தமிழருக்கும் இப்படி ஒரு வழி உண்டு, அவர்களின் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த வழி. இராமேசுவரம், தொண்டிக் கரைகளிலிருந்து தோணியில் மன்னாருக்கு. அங்கிருந்து தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடை. 2023 யூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்ட நினைவு நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தபோது, இதையும் ஒரு விளையாட்டாக்கலாமே என்று யாருக்கேனும் தோன்றியிருந்தால் வியப்பில்லை. ஆக்கலாம், ஆனால் ஒரிகன் அச்சை எடுத்து வண்டிக்குப் பதில் மூட்டையையும் சமவெளிக்குப் பதில் வன்னிக் காட்டையும் வைத்தால் கிடைப்பது பொய். ஒரிகன் பயணி கையில் காசோடு கடைக்குள் நுழைகிறார். கோப்பிக் காலத்து ஆளோ கடனோடு புறப்படுகிறார். ஆள் கட்ட வந்த கங்காணி கொடுத்த முன்பணம், தோணிச் செலவு, வழிச் சோறு எல்லாம் அவர் பேரில் பற்று. ஆகவே நம் விளையாட்டின் முதல் பக்கத்தில் கையிருப்பு கழித்தல் குறியோடுதான் நிற்க வேண்டும். எங்கே நிற்பது, நோயாளியை விட்டுப் போவதா தூக்கிப் போவதா என்பதையும் பெரும்பாலும் கங்காணிதான் முடிவு செய்வார்.

வழி முடிந்தாலும் கணக்கு முடிவதில்லை. ‘துண்டு’ என்ற சீட்டை எண்ணிப் பாருங்கள்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டத் துரை எழுதிக் கொடுப்பார், இன்னொரு தோட்டம் அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களை எடுக்கும், தொகை மறுபடி அவர்கள் தலையிலேயே ஏறும். 1921இல்தான் சட்டம் இதைத் தடை செய்தது. பெரிய கங்காணிக்குக் கீழிருந்த சில்லறைக் கங்காணிக்கோ, அவருடைய ஆள் காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டுக்கு வந்து பேர் விழுந்தால்தான் தலைக்காசு. கடன் புத்தகத்தை ஒளித்துவிட்டுப் பாம்பையும் காய்ச்சலையும் மட்டும் காட்டும் விளையாட்டு, இயற்கையைக் குற்றவாளியாக்கி மனிதரைத் தப்பவிடும்.

இந்த இடத்தில் கேகாலை மாவட்டம் ஒரு திருத்தம் கேட்கிறது. கரவனெல்ல, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் கோப்பிக்குப் பிந்தியவை. களனிப் பள்ளத்தாக்கில் தேயிலை பரவியது 1880களில். இறப்பர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். குறுகிய பாதைப் புகையிரதம் 1902இல் அவிசாவளைக்கும் அடுத்த ஆண்டு யட்டியாந்தோட்டைக்கும் வந்தது. இங்கே இறப்பர் பால் வெட்டுபவர்களின் முன்னோரில் பலர் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கியவர்களாகவோ, 1914க்குப் பின் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து தலைமன்னார் ரயிலில் வந்தவர்களாகவோ இருப்பார்கள். மாத்தளை வழியை மட்டும் புனித வழியாக்கினால் இந்தப் பள்ளத்தாக்கின் பிள்ளை தன் பாட்டன் வராத வழியில் விளையாடும். ஒரே கடன் புத்தகம், பல வழிகள் என்பதே சரியான அமைப்பு.

தெரிவே இல்லாதவரை வைத்து என்ன விளையாட்டு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தெரிவு குறைவாக இருந்தது, அற்றுப்போகவில்லை. எந்தக் கங்காணியோடு போவது, பிள்ளையை ஊரில் விட்டு வருவதா, இரவோடிரவாக அடுத்த தோட்டத்துக்கு ஓடுவதா? 1865இன் தொழிலாளர் சட்டப்படி ஓடியவருக்குச் சிறை காத்திருந்தது; அப்படியும் ஓடினார்கள். விலை அதிகமான தெரிவுதான் ஆடுபவரைக் கூடுதலாக யோசிக்க வைக்கும். சாவை விளையாட்டாக்குவது தகுமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். டென்மார்க் நிறுவனம் ஒன்றின் அடிமை வணிக விளையாட்டில், கப்பலுக்குள் மனிதரை டெட்ரிஸ் கட்டைகளைப்போல் அடுக்கும் பகுதி இருந்தது. 2015இல் எழுந்த கண்டனத்துக்குப் பின் அதை நீக்கினார்கள். அங்கே ஆடுபவர் அடுக்குபவரின் கையாக்கப்பட்டார், துன்பம் புள்ளியாயிற்று. நம்முடையதில் புள்ளியே வேண்டாம், பற்று வரவு போதும். தோட்டப் பாடசாலைகளில் கணினிக்கு எங்கே போவது என்பதற்கு ராவிட்ஷின் முதல் யோசனையே பதில்: தாளும் சீட்டும் பகடையும். பரமபதப் படம் தெரிந்த வீடுகளுக்கு இது அந்நியமுமல்ல.

எனக்குத் தீராத சிக்கல்கள் இரண்டு. முதலாவது முடிவு. ஒரிகனில் நிலம் கிடைத்ததும் ஆட்டம் முடிகிறது. இங்கே லயத்து அறைதான் கிடைக்கிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம் பேரப்பிள்ளைகளை நாடற்றவர்களாக்குகிறது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்குகிறது, பலர் அதே தலைமன்னாரில் கப்பலேறுகிறார்கள். எனவே மாத்தளையிலோ கரவனெல்லயிலோ வெற்றிக்கொடி நடக்கூடாது. ஆட்டம் மூன்று தலைமுறைக்கு நீள வேண்டும். இரண்டாவது சாவுக் கணக்கு. 1840களில் 70,000 பேர், வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர், மாண்டதாக 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ மதிப்பிட்டது. ஊர் திரும்பியவர்கள் அந்தக் கணக்கில் சரியாகக் கழிக்கப்பட்டார்களா என்று பின்வந்த ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். ராவிட்ஷுக்கு நாட்குறிப்புகள் இருந்தன. இந்த வழியில் நடந்தவர்கள் விட்டுச்சென்றவை பெரும்பாலும் பாடல்களே. ஒரே வழியைக் கூடிய எண்ணோடு ஒரு தடவையும் குறைந்த எண்ணோடு இன்னொரு தடவையும் ஆட வைத்து, எந்த எண்ணை ஏன் நம்புகிறோம் என்று வகுப்பில் வாதாடவிட்டால், அந்தச் சந்தேகமும் பாடத்துக்குள் வந்துவிடும்.